மூடியில் வைத்த சந்தனம்

பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்க ஓட்டிப்போகும் வழியிலும் அந்தக் கார் நின்றது. பம்பு, கார்புரேட்டர் எல்லாம் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். தண்டபாணி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க இறங்கிய மனைவி ரங்கநாயகி, டேங்க் மூடியைத் திருகினாள். கிணற்றில் முங்கி எழுந்தவன் மாதிரி டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

"ஏனுங்க, இது மூச்சு முட்டிக் கெடந்துருக்குதுங்க."

அவர் ஓடி வந்தார். "மூடியில காத்துப் போக ஓட்டை இருக்கோணுமே, இல்லீன்னா பெட்ரோல் எறங்காதே, எங்க?"

ஆயுத பூசையன்று அவள் வைத்த சந்தனப் பொட்டு அந்த ஓட்டையின் இடத்தில் இருந்தது. கார் நின்ற ஒவ்வொரு முறையும் வேண்டிக்கொண்டு அதன்மேல் அவளே அப்பிய பொட்டுகள் கல்லாக இறுகியிருந்தன. கொண்டை ஊசியை உருவிச் சுரண்டினாள். துளை திறந்தது.

கார் கிளம்பியது. நிற்கவேயில்லை. இரும்புக் கடை வாசலில் காத்திருந்தவர் கையைக் காட்டினார். தண்டபாணியும் கையாட்டிவிட்டு டாப் கியரைப் போட்டார்.

"எங்கீங்க போறோம்?" என்றாள் ரங்கநாயகி, நகத்தில் ஒட்டியிருந்த பெட்ரோல் வாசச் சந்தனத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டே.