சாதுவான மிஷின் வேண்டாம்

“இதைவிடக் கூடுதலாப் பொறி பறக்கிற மிஷின் இருக்கா பாய்?”

பிராங்க்ளின் இப்படிக் கேட்டதும் கடைக்காரர் முகம்மது நூகு, பக்கத்தில் நின்ற ஞானபூரணியைப் பார்த்தார். ஞானபூரணி மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய புருஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்ற கவலை அவளுக்கு.

கவலைப்படாமல் என்ன செய்வாள்? விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆன மனுஷன் அவர். அவர் பொறுப்பில் இருந்த ஷெட்டுகளில் ஒரு ஆளுக்குச் சின்னக் காயம்கூடப் பட்டதில்லை. அந்தக் கண்டிப்பைக் கம்பெனியிலேயே ஒப்படைத்துவிட்டு வந்திருந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள். அவர் அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

முதலில் அடுப்படி வாசலில் ஒரு செம்புத் தகடு அடித்தார். கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் போகுமுன் அதைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டைக் கழித்துவிட்டுத்தான் போவார்கள். இங்கே ரசம் வைக்கப் போகிறவளும் தொட வேண்டும். செருப்பு கூடாது, செல்போன் கூடாது, நைலக்ஸ் சேலை கூடவே கூடாது. இரும்பும் இரும்பும் உரசினால் ஆபத்து என்று தோசையை மரக்கரண்டியால் திருப்ப வைத்தார். ஒரு தோசையாவது முழுசாக வந்ததா? இல்லை. வெயில் ஏறிவிட்டால் தாளிக்கத் தடை. கிறிஸ்துமஸுக்கு வந்த அவள் தங்கச்சி குடும்பத்தில் பாதிப் பேரை, “ஒரு ரூமுக்கு நாலு பேர்தான், கம்பெனிச் சட்டம்” என்று முற்றத்து வெயிலில் உட்கார வைத்துப் பிரியாணி போட்டார்.

“என் அடுப்படியில நான் என் இஷ்டத்துக்கு ஒரு சட்டி சோறு பொங்க முடியலையே” என்று ஞானபூரணி அடுப்புக்கு முன்னால் நின்று அழுத நாளும் உண்டு.

ஏதாவது பொழுதுபோக்கில் மாட்டிவிட்டால் மனுஷன் அடுப்படியை விட்டு நகர்வார் என்று செடி வளர்க்கச் சொன்னாள். சர்ச்சில் பாட்டுக் குழுவில் சேரச் சொன்னாள். எதற்கும் மசியவில்லை. திடீரென்று ஒருநாள், “கொல்லைக் கொட்டகையில ஒர்க்‌ஷாப் போடப்போறேன். இரும்பு ஒட்டுற மிக் வெல்டிங் மிஷின் ஒண்ணு வேணும்” என்றார். தீக்குச்சியைக் கண்டாலே பதறுகிற ஆள்.

அப்படித்தான் இந்தக் கடைக்கு வந்தார்கள். ஆட்டோவில் அவர் காலுக்கடியில் ஒரு வாளி மணலும் வந்தது.

நூகு பொறுமைசாலி. “அண்ணாச்சி, வீட்டு வேலைக்கு இது போதும். கம்பி தானா ஓடிவரும். விசையை அமுக்கினா ஒட்டும். கேஸ் சிலிண்டர் மாட்டிக்கிட்டா பொறி அம்புட்டாத் தெறிக்காது.”

“அப்ப வேண்டாம்.”

“எது வேண்டாம்?”

“தெறிக்காதது.”

நூகு அடுத்த மிஷினைக் காட்டினார். “இதுக்கு சிலிண்டரே கிடையாது. கம்பிக்குள்ளயே மருந்து இருக்கும். ஆனா புகையும் பொறியும் கொஞ்சம் சாஸ்தி.”

“மருந்தும் பொறியும் ஒண்ணாவா?” பிராங்க்ளின் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதைப் போட்டுக் காட்டுங்க.”

“என்ன செய்யப் போறீக அண்ணாச்சி? கிரில்லா, கட்டிலா? எம்புட்டு கனம் இரும்பு?”

“அதெல்லாம் பெறவு பார்த்துக்கலாம்.”

கடை வெல்டர் மணிமுத்து முகமூடியை மாட்டிக்கொண்டு விசையை அமுக்கினார். பொறி பறந்ததுதான் தெரியும். அடுத்த நொடி மிஷின் மேலும் மணிமுத்து மேலும் ஒரு வாளி மணல் விழுந்தது.

மணிமுத்து முகமூடிக்குள்ளிருந்து, “நான் என்ன பாவம் செஞ்சேன் சார்?” என்றார்.

“பழக்க தோஷம் தம்பி, மன்னிச்சுக்கோங்க.” பிராங்க்ளின் காலி வாளியைக் கீழே வைத்தார். நூகு பக்கம் திரும்பி, “இதையே பில் போடுங்க பாய்” என்றார்.

புதுப் பெட்டி எடுத்துவர ஆள் அனுப்பிவிட்டு நூகு மெதுவாகக் கேட்டார். “அக்கா, அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“எனக்கும் அதுதான் பாய் தெரியலை.”

மிஷின் கொட்டகைக்குப் போனது. செம்புத் தகடும் மணல் வாளிகளும் அதன் பின்னாலேயே போயின. ‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது’ என்று ஒரு போர்டு. வாசலில் ஒரு நாற்காலி. காலையில் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்து வந்தார். வெல்டிங் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

துணி காயப்போடுகிற கம்பத்தில் கொக்கி உடைந்தபோது, சரி, மிஷினுக்கு ஒரு வேலை வந்தது என்று ஞானபூரணி கொக்கியோடு போனாள். உள்ளே எட்டிப் பார்த்தால், கடையில் கட்டிய கயிறுகூட அவிழ்க்காமல் பெட்டி அப்படியே இருந்தது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“ஒருநாளாவது ஸ்விட்சு போட்டீகளா? அந்த மனுஷன் தலையில மண்ணைக் கொட்டி வாங்கிட்டு வந்தது, பெட்டியோட வச்சு அழகு பார்க்கவா?”

“ஸ்விட்சு போட்டா பொறி பறக்கும்ல?”

“அதுக்குத்தானே தேடித் தேடி வாங்குனீக?”

பிராங்க்ளின் அவள் கையிலிருந்த கொக்கியை வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

“நீ அடுப்படியில நின்னு அழுததை நான் பார்த்துட்டேன் பூரணி. எதையாவது காவல் காக்காம என்னால இருக்க முடியலை, விட்டுப் பார்த்துட்டேன். உன் அடுப்பைவிட ஆபத்தானது ஒண்ணு வீட்ல இருந்தாத்தானே நான் உன்னை விட்டு எந்திரிச்சு வருவேன்? அதான், கடையிலேயே ரொம்ப மோசமானதாப் பார்த்து வாங்கினேன்.”