செவ்வாயில் ஒரு கிணறு

"செவ்வாய் கிரகத்துல கெணறு எந்தப் பக்கம் இருந்தா உனக்கு என்னம்மா?"

கைபேசியை நீட்டிக்கொண்டே ஜனனி அரிசிக் கடைக்குள் நுழைந்தாள். தயாவதி ஒரு பெரியவருக்குப் பொன்னி அரிசி எடை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்வரை மகள் பக்கம் திரும்பவே இல்லை.

ஜனனி காஞ்சிபுரத்தில் ஒரு வாசிப்புக் குழு நடத்துகிறாள். இந்த மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு சவால் விட்டிருந்தாள்: இருபது நாள், இருபது அறிவியல் புனைகதை. எல்லாம் பதிப்பகத்தார் யாரும் இல்லாமல், தாங்களே மின்னூலாகப் போட்டுக்கொள்ளும் ஆட்கள் எழுதிய சின்னக் கதைகள். படித்துவிட்டு, எழுதியவர்களும் பார்க்கும் குழுவின் இணையப் பக்கத்தில் நாலு வரி எழுத வேண்டும், ஐந்துக்கு இத்தனை என்று ஸ்டார் போட வேண்டும்.

மகள் மனம் கோணக்கூடாதே என்று ஒப்புக்குச் சேர்ந்தவள்தான் தயாவதி. ஆனால் இரண்டே நாளில் பைத்தியமாகிவிட்டாள். அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ராக்கெட்டையும் ரோபோவையும் அப்படி ரசித்தாள். பெயர் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் நாலு ஸ்டார், அஞ்சு ஸ்டார் என்று அள்ளிக் கொடுத்தாள்.

'குராமரத்தான்' என்ற ஒருவருக்கு மட்டும் ஒன்று. மூன்று கதைக்கும் ஒன்றே ஒன்று.

செவ்வாயில் குடியேறிய குடும்பத்தின் கதைக்கு, 'கிணறு வீட்டுக்கு வடக்கே இருக்கும், தெற்கே இல்லை' என்று எழுதியிருந்தாள். விண்கலத்துக் கதைக்கு, 'சாப்பிடக் கூப்பிட மணி அடிக்க மாட்டார்கள், தட்டைத்தான் தட்டுவார்கள்.' இயந்திர நாய் வரும் கதைக்கு, 'மடிந்திருப்பது இடது காது, வலது இல்லை.'

குழுவில் எல்லோரும் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். ஆன்ட்டி செவ்வாய்க்கு எந்த பஸ்ஸில் போய் வந்தார் என்று அபி என்பவள் கேட்டிருந்தாள். பிறகு சிரிப்பு நின்று முணுமுணுப்பு ஆரம்பித்தது. எழுதுகிறவர்களை நோகடிக்கிறவர் குழுவில் இருக்கக்கூடாது என்பது ஜனனியே போட்ட விதி.

"பாவம்மா அந்த ஆளு. அவரே மெயில் போட்டு, என் கதையையும் லிஸ்ட்ல சேர்த்துக்கமான்னு கேட்டாரு. உன்னால எழுதறதையே விட்டுட்டாருன்னா? சாயந்திரத்துக்குள்ள அழிச்சுடு. இல்லன்னா உன்னை நான் குரூப்பை விட்டுத் தூக்கணும்."

"அழிக்க மாட்டேன். அவன் வந்து பதில் சொல்லட்டும்."

"அவனா?"

தயாவதி தராசுத் தட்டில் ஒட்டியிருந்த நாலு அரிசியைத் தட்டிவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவன் உன் மாமன்."

மாமன் என்றொருவர் இருப்பதே அந்த வீட்டில் எடுக்காத பேச்சு. ஜனனி பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

தயாவதியும் தம்பி ரிஷபதாஸும் பிறந்தது திருப்பருத்திக்குன்றத்தில். ஜைனக் கோயில் குரா மரத்தடியில்தான் விளையாட்டெல்லாம். அந்தப் புனைபெயரைப் பார்த்ததுமே, தம்பியாக இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. முதல் கதை பாதி தாண்டுவதற்குள் சந்தேகம் தீர்ந்துவிட்டது. செவ்வாயில் வாழ்ந்த அந்தக் குடும்பம் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிறது. எந்தக் கிரகமாக இருந்தால் என்ன, ஜைன வீட்டுப் பிள்ளையைத் தவிர வேறு யார் அப்படி எழுதுவார்கள்?

சூரியன் இறங்கத் தொடங்கினால் அவர்கள் அம்மா கரண்டியால் தட்டைத் தட்டுவாள். கிணற்றடியிலிருந்து அக்காவும் தம்பியும் ஓடுவார்கள். காது மடிந்த நாயும் பின்னாலேயே ஓடும். அந்த வீடு கைமாறிவிட்டது, கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள். ஆனால் ரிஷபதாஸ் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் செவ்வாயில் வைத்திருந்தான். படிக்கப் படிக்கத் தயாவதிக்குக் கண் நிறைந்துபோயிற்று.

அப்பா இறந்தபோது அவன் புனேவிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்றவனைப் பார்த்து, "விருந்தாளி வந்துட்டாரு, எலை போடுங்க" என்று சொன்னாள் தயாவதி. அவன் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டான். நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. போன் நம்பரையும் மாற்றிக்கொண்டுவிட்டான்.

"அப்ப நீ, நான்தான் உன் அக்கான்னு எழுதியிருக்கலாமே?" என்றாள் ஜனனி.

"கெஞ்சினா எழுந்து போயிடுவான்மா அவன். நல்லாருக்குதுன்னு எழுதினா ஒரு தேங்க்ஸோட போயிடுவான். தப்புன்னு சொன்னாத்தான் விடமாட்டான், சின்ன வயசுலேர்ந்தே அப்படி. சண்டை போடவாவது வரட்டுமேன்னுதான்..."

தயாவதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஜனனியின் கைபேசி அதிர்ந்தது. திரையைப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குராமரத்தான் பதில் போட்டிருந்தார், தயாவதியின் செவ்வாய் விமர்சனத்துக்கு நேர் கீழே.

அவன் என்ன திட்டியிருந்தாலும் பரவாயில்லை, நீயே படி என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள் தயாவதி.

ஜனனி படித்தாள்.

"அக்கா, நம்ம கெணறு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? ஜனனி உன் பொண்ணுன்னு தெரிஞ்சுதான் கதையைச் சேர்த்துக்கச் சொன்னேன். தப்பைக் கண்டா திருத்தாம உன்னால இருக்க முடியாதுன்னுதான் ஒவ்வொரு கதையிலயும் ஒண்ணு மாத்தி வச்சிட்டு, நீ வருவியான்னு பார்த்துக்கினு இருந்தேன். ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன், எலை போடு."