ஒரு பக்கம் வெள்ளை

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டுதான் தையல்காரம்மா எதிர்ப்புற ஜெராக்ஸ் கடையின் படியேறினாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் பெயரில் யாரோ கிரெடிட் கார்டு வாங்கி, அதில் சுவர் அளவுக்கு ஒரு டி.வி.யும் வாங்கிவிட்டார்கள். பில் மட்டும் வழி தவறாமல் இவளைத் தேடி வந்துவிட்டது. விண்ணப்பத்தோடு இருந்தது இவளுடைய அடையாள அட்டையின் ஜெராக்ஸ்.

"காப்பி எப்படி வெளியே போச்சுன்னு எழுதிக் கொடுங்க. இல்லேன்னா கடன் உங்க தலையிலதான் விழும்" என்று பேங்கில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அவள் ஜெராக்ஸ் எடுத்தது இந்த ஒரே கடையில்தான். போதாக்குறைக்கு, கடைக்காரர் வேண்டாத காப்பிகளை எல்லாம் மேஜைக்கடியில் ஒரு பையில் சேர்ப்பதைத் தையல் மிஷினிலிருந்தே பார்த்துவிட்டாள். எதற்குச் சேர்க்கிறார்? யாருக்கு விற்கிறார்? இரண்டு நாளாக அவளுக்கு வேலையே ஓடவில்லை.

"வாங்கக்கா, எத்தனை காப்பி?"

"காப்பி வேண்டாம் தம்பி. அந்தப் பையில என்ன?"

"வேஸ்ட் காப்பிக்கா. கறுப்படிச்சது, கோணலா விழுந்தது."

"வேஸ்ட்டுன்னா குப்பைக்குத்தானே போகணும்?"

"எல்லாம் அடுத்தவங்க கார்டு, பாஸ்புக். முழுசா எப்படிக்கா வெளியில போடறது? கடை மூடறப்போ பொடிப்பொடியா கிழிச்சுட்டுத்தான் போடுவேன்."

"எனக்கே காது குத்தறியா?"

பையை இழுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். வரிசையில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

நாலாவது தாளிலேயே அகப்பட்டது. அவள் போட்டோ, அவள் பெயர், அவள் நம்பர்.

"பார்த்துக்கோங்க, எல்லாரும் நல்லாப் பார்த்துக்கோங்க! நான் இங்க ஜெராக்ஸ் எடுத்து மூணு மாசம் ஆச்சு. தினம் கிழிக்கறவன் பையில இது எப்படி வந்துச்சு? பேங்க்ல உன் பேரைத்தான் எழுதப்போறேன்!"

கடைக்காரர் முகம் வெளிறிவிட்டது.

"திருப்பிப் பாருங்கக்கா" என்றார் மெதுவாக.

திருப்பினாள். ஓரத்தில் குண்டூசி குத்திய துளை. நடுவில் அவளுடைய கிறுக்கல்.

'கவுன். தோள் பதினாலு, கை ஒன்பது. வெள்ளிக்கிழமை.'

மிஞ்சிய ஜெராக்ஸ்தானே, ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று அவளே எழுதித் துணியோடு குத்தி அனுப்பிய அளவுச் சீட்டு. எத்தனை அனுப்பினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

"உங்ககிட்ட துணி வாங்கிட்டு நேரா இங்க வர்றவங்க, ஊசி குத்துதுன்னு சீட்டைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போயிடறாங்க. இங்க விழறதை மட்டும்தான் என்னால பொறுக்கிக் கிழிக்க முடியுது."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை தம்பி?" கவிழ்த்த தாள்களைப் பைக்குள் அள்ளிப் போட்டபடியே கேட்டாள்.

"சொல்லத்தான் ரெண்டு தடவை வந்தேன். உங்க கடையில ஆளுங்க நின்னாங்க. நாலு பேர் முன்னாடி எப்படிக்கா சொல்றதுன்னு திரும்பிட்டேன்."