தூணோரம் ஒரு ஜோடி செருப்பு

வனமாலா செருப்பைத் தூணோரம் கழற்றிவிட்டு, மகளின் ஸ்கேட்போர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அதில் ஏறுவாள். ஐம்பத்தோரு வயது வங்கி மேலாளர். வேலைக்குக் கிளம்புமுன் கிடைக்கும் கொஞ்ச நேரம், அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் பழகுகிறாள்.

“ஷூ போட்டுத்தாம்மா ஏறணும்” என்பாள் மகள் நறுமுகை.

“நீ தலைமாட்டுல வெச்சுத் தூங்குற சாமான்டி. அத எப்படிச் செருப்புக்காலால மிதிக்கிறது?”

இன்று மகளின் தோளை விட்டுவிட்டு அடுத்த தூண்வரை தனியாக உருண்டுபோனாள். அங்கே கைப்பேசி அடித்தது. “இதோ வந்துட்டேன் சார்” என்றபடி வெறுங்காலோடு லிஃப்டுக்கு ஓடினாள்.

நறுமுகை பலகையில் ஒரு காலை வைத்தாள். பிறகு இறங்கி, தன் ஷூவைக் கழற்றி அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினாள். பலகையின் சொரசொரப்பு உப்புத்தாள்போல உள்ளங்காலைக் கீறியது.

அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.