மேல் சுரம்

“காத்தைக் கூட்டாதீங்க தங்கச்சி, ஒடுக்குங்க. கூட்டினாக் கீச்சிடத்தான் செய்யும்.”

நிலாம் சொல்லி வாய் மூடவில்லை, குழல் மறுபடியும் கீச்சிட்டது. நாகேஸ்வரி அதை உதட்டிலிருந்து எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, ஜன்னலுக்கு இன்னும் கிட்டப் போய் நின்றாள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில், மாடியில் இருந்தது நிலாமின் வாத்தியம் திருத்தும் கடை. துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரன் ஒருவன் திருத்தக் கொடுத்துவிட்டு, எடுக்க வராமலே போன அலுமினியக் குழல் அது. ஒரு கை நீளம். விசில் போல வாய் வெட்டியிருந்ததால், புதிதாகப் பழகுகிறவர் ஊதினாலும் சத்தம் வரும். கீழ்ச் சுரங்கள் வண்டு முரல்வது போல இதமாக விழும். அதே துளைகளை மூடிக்கொண்டு, மூச்சின் வேகத்தால் மட்டும் மேல் ஸ்தாயிக்கு ஏறுவதுதான் பெரும்பாடு.

“அடியில எவ்வளவு அழகாப் பேசுது! ஒரு பாட்டை அதிலயே பழகுங்களே.”

“பாட்டு வேண்டாம் நானா.” அண்ணன் முறையில் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். “ மேல் சுரம் வந்தாக் காணும், அது போதும்.”

“ஏன்?”

“கீழ்ச் சத்தம் லொறிச் சத்தத்துக்குள்ள அமிழ்ந்து போகுது.”

சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல உதட்டைக் கடித்துக்கொண்டாள். நிலாம் அவளையே பார்த்தார். யாருக்குக் கேட்க வேண்டுமாம்?

உள்ளேயிருந்து மனைவி றலியா கூப்பிட்டாள். போனதும் கதவைச் சாத்தினாள்.

“இன்னுமா அவவை அனுப்பல்ல? வெள்ளவத்தையில இருந்து பஸ் ஏறி இங்க வாறா. அங்க இல்லாத சங்கீத வாத்திமாரா?”

“அதுதான் எனக்கும் விளங்கல்ல.”

“வந்தா அந்த ஜன்னலை விட்டு அசையிறாவா? கண்ணெல்லாம் மதிலுக்கு அங்காலதான். வாற வாகனம், போற வாகனம் எல்லாம் பாக்கிறா. கோட்டையில குண்டு வெடிச்சப்ப எத்தனை கடைக்காரரை ஆமிக்காரங்க கொண்டு போனாங்க, மறந்திட்டீங்களா? நமக்கும் குமர்ப்பிள்ளை ஒண்டு ஈக்கு.”

மதிலுக்கு அப்பால் இருந்தது பழைய தேயிலைக் களஞ்சியம். இப்போது அது ராணுவத்தின் கையில், சுற்றி முள்ளுக்கம்பி. மூலையில் மணல்மூட்டைக் காவலரண். உள்ளே ஆயுதம் அடுக்கியிருப்பதாகத் தெருவில் பேச்சு. அந்தப் பக்கம் பார்த்தபடி குழல் பழகும் யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பற்றி நிலாம் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டார். யோசனை எங்கே சுற்றினாலும் ஒரே இடத்தில்தான் போய் நின்றது. குண்டு வைக்கிறவர்களுக்குச் சமிக்ஞை.

முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள். மூச்சு மேலே ஏறும், தடுக்கும், பிளந்து விழும்.

“தங்கச்சி, இண்டையோட போதும். இனி வர வேணாம்.”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஏன் நானா, நான் என்ன பிழை விட்டனான்?”

“நீங்க இங்க குழல் பழக வரல்ல. என்னத்துக்கு வாறீங்க எண்டு சொல்லுங்க. இல்லாட்டி இப்பவே பொலிசுக்குச் சொல்லிப்போடுவேன். நானும் புள்ளகுட்டிக்காரன்.”

கத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. கதவடியில் றலியா வந்து நின்றாள்.

நாகேஸ்வரி அழுவாள், இல்லையென்றால் ஓடுவாள் என்று நிலாம் எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை.

“ஒருக்கா மட்டும் ஊதுறன் நானா. ஒரேயொருக்கா. பிறகு நீங்க ஆருக்கு வேணுமெண்டாலும் சொல்லுங்கோ.”

“குழலை வைங்க!”

அவள் வைக்கவில்லை. விரல்களைத் தட்டையாகப் பரப்பித் துளைகளை மூடினாள். இவ்வளவு நாளும் அவர் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான் அவளுடைய உடம்புக்கு விளங்கியது போலிருந்தது. தோள் தளர்ந்தது. அடிவயிறு இறுகியது. மூச்சு நூலாகி உள்ளே போனது.

வந்துவிட்டது.

கூராக, பிசிறில்லாமல் எழுந்த அந்தச் சுரம், தெருவின் இரைச்சலுக்கு மேலால் ஜன்னலைத் தாண்டிப் போனது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு தாலாட்டின் முதல் அடியை ஊதினாள். பாட்டே வேண்டாம் என்றவள்! குழலைப் பறிக்க எழுந்த நிலாமின் கை பாதியில் நின்றது. எத்தனையோ குழல்களுக்கு உயிர் கொடுத்தவர். இப்படி ஒரு மேல் ஸ்தாயியை அவர் கேட்டதில்லை.

அடி முடிந்ததும் நிறுத்தினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் காது கொடுத்தாள்.

லொறி ஒன்று உறுமிக்கொண்டு போனது. காவலரணில் யாரோ சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். வேறொன்றும் இல்லை.

“போதும்,” என்று நிலாம் வாய் திறந்தார்.

அப்போதுதான் அது கேட்டது. மதிலுக்கு அப்பால், களஞ்சியத்தின் உள்ளிருந்து, வாயால் அடிக்கும் சீழ்க்கை. மெல்லிய, வறண்ட சீழ்க்கை. அந்தத் தாலாட்டின் அடுத்த அடியை அது தட்டுத்தடுமாறிப் பாடியது. பாதியில் யாரோ அதட்டும் சத்தம், சீழ்க்கை அறுந்தது.

நாகேஸ்வரி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

“ஆரது?” நிலாம் ஜன்னலால் எட்டிப் பார்த்தபடி கேட்டார்.

“என்ர புருசன் நானா,” என்றாள். “அப்பிடியொரு ஆளைத் தாங்கள் பிடிக்கவேயில்லை எண்டுதான் ஏறி இறங்கின ஆமிக் காம்ப் எல்லாத்திலையும் சொன்னவங்கள்.”