ஐந்தே முக்கால் மணித் திருத்தம்

"அவளுக்குத் தெரியவே கூடாது, தம்பி" என்றார் ராஜதுரை.

ரெனிஷ் தலையாட்டினான். தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், கப்பலேறும் கண்டெய்னர்களுக்குக் காகிதம் முடித்துக் கொடுக்கும் சிறிய ஆபீஸ் அது. ராஜதுரை முதலாளி. ஜெயபாய் அங்கே பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிறவள். நெட்வொர்க் வேலை தெரிந்த ரெனிஷை வரவழைத்ததே அவள் மேல் எழுந்த சந்தேகத்தால்தான்.

கண்டெய்னரைப் பூட்டி வைக்கும் சீலுக்கு ஒரு நம்பர் உண்டு. கண்டெய்னர்கள் நிற்கும் யார்டில் வேலை பார்க்கும் செந்தூர்பாண்டி அதைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார். ஜெயபாய் அதைப் பார்த்துத் துறைமுகத்துக்கு அனுப்புவாள். பிறகு ராஜதுரை தன் அறையில் இருந்தபடி ஒவ்வொன்றையும் சீட்டோடு ஒப்பிட்டு, வேண்டியதைத் திருத்தி மறுபடி அனுப்புவார். முப்பது வருடத்துப் பழக்கம் அது.

போன மாதம் சீல் நம்பர் பொருந்தாமல், கணவாய் மீன் ஏற்றிய குளிர்பெட்டிக் கண்டெய்னர் ஒன்று மூன்று நாள் துறைமுகக் கேட்டிலேயே நின்றுவிட்டது. தான் திருத்தி அனுப்பியது எப்படித் தப்பாகும் என்று ராஜதுரைக்கு விளங்கவில்லை.

"நித்தமும் நாலு தப்பு வைக்கா. நான் திருத்துதேன். அதுக்குப் பிறகும் என்னமோ பண்ணுதா. கையும் களவுமா பிடிச்சுக் குடுங்க. அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருதேன்."

ஜெயபாய் நம்பரை அனுப்புவது ஒரு பழைய புரோகிராமில். எதை எப்போது அனுப்பினோம் என்று குறித்து வைக்காது. அதை எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியவில்லை. திறந்து மாற்றவும் வழியில்லை. ரெனிஷ் அதைத் தொடவே இல்லை. வெளியே பேச வேண்டுமென்றால் அது 'சாக்கெட்' என்றொரு வாசலைத் திறந்துவிடும்படி கம்ப்யூட்டரைக் கேட்கும். ஜெயபாயின் கம்ப்யூட்டரில் அந்தக் கேள்வியை நடுவிலேயே பிடித்து, தான் எழுதிய ஒரு குட்டி நெட்வொர்க் வழியாகத் திருப்பிவிட்டான். சாதாரணப் புரோகிராம் போலவே அதுவும் ஓடும். போகிற ஒவ்வொன்றையும் மணியோடு எழுதி வைத்துக்கொண்டு, ஒரு எழுத்தும் மாறாமல் வெளியே விடும். வழக்கமான வாசலில்தான் போகிறோம் என்று அந்தப் பழைய புரோகிராம் நம்பிக்கொண்டிருக்கும். ஜெயபாயும்தான்.

ஏதோ ஒயர் வேலை என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் மதியம் ரெனிஷ் பன்னும் டீயுமாகச் சாப்பாட்டை முடித்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள். மறுநாள் இரண்டு டப்பா கொண்டுவந்தாள். சோறும் சாளைமீன் குழம்பும்.

"பன்ன தின்னுட்டு ஒரு மனுசன் எப்படி சாயங்காலம் வரைக்கும் இருப்பான்? வெக்கப்படாம சாப்பிடுங்க, தம்பி."

ரெனிஷ் டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டான். ஆண்டவரே, என் கையால் இவங்களுக்குக் கெடுதல் வரக் கூடாது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டான்.

ஆனால் மூன்று நாள் பதிவும் ஒன்றையே சொன்னது. நாலாம் நாள் காலையில் ராஜதுரையின் அறைக்குப் போய், உள்ளதை உள்ளபடி சொன்னான். மதியம் அவள் ஒரு நம்பர் அனுப்புகிறாள். அவர் அதைத் திருத்திவிட்டு ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்புகிறார். ஐந்தே முக்காலுக்கு அவள் கம்ப்யூட்டரிலிருந்து அதே கண்டெய்னருக்கு மறுபடியும் ஒரு நம்பர் போகிறது.

"என்ன நம்பர்?"

"அவங்க மொதல்ல அனுப்புன அதே நம்பர்தான், அண்ணாச்சி."

"பாத்தீயளா? நான் திருத்துனத அழிச்சுட்டு, அவ தப்பையே திரும்பவும் போடுதா."

ஜெயபாயைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள். ரெனிஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாற்றினாயா என்று அவர் கேட்டதற்கு, மாற்றினேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கும், மாற்றினேன் என்றே சொன்னாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் ராஜதுரை. குரலை உயர்த்தவில்லை, பதினாறு வருடம் உடன் இருந்தவளாயிற்றே.

ரெனிஷுக்கு மனம் கேட்கவில்லை. "நேத்து யார்டுல இருந்து வந்த சீட்ட ஒருக்கா பாத்துருவோமா, அண்ணாச்சி?"

"அது எதுக்கு, தம்பி?" என்றாள் ஜெயபாய் அவசரமாக. "நாந்தான் மாத்துனேன்னு ஒத்துக்கிட்டேன்லா. விட்டுருங்க."

அவள் தடுத்ததே ராஜதுரையின் சந்தேகத்தை உறுதியாக்கியது. மேசை டிராயரைத் திறந்து, உள்ளங்கை அளவுச் சீட்டை எடுத்தார். "இவளுக்கு முன்னாலயே வாசிக்கேன், கேட்டுக்கிடுங்க" என்று அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"எட்டு, எட்டு, ஆறு, எட்டு. நான் திருத்துனதுதான இருக்கு?"

ரெனிஷ் எட்டிப் பார்த்தான். சீட்டில் மூன்று, மூன்று, ஆறு, மூன்று என்று செந்தூர்பாண்டி அழுத்தமாக எழுதியிருந்தார்.

ராஜதுரை சீட்டை இன்னும் கொஞ்சம் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு இன்னும் கொஞ்சம்.

"அந்தக் கணவாய்ப் பெட்டி மட்டும் என் தப்புதான், அண்ணாச்சி" என்றாள் ஜெயபாய் மெதுவாக. "அன்னைக்கு நாசரேத்துக் கோயில்ல அசன விருந்துன்னு நாலு மணிக்கே கிளம்பிட்டேன், இல்லேன்னா நீங்க வீட்டுக்குப் போன பிறகு அதையும் சரி பண்ணிருப்பேன்."