மோட்டார் நின்ற மதியம்

"நேத்து ஏன் வரல, அண்ணாச்சி?"

உள்ளூர் ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டோடு படுத்திருந்த பொன்னுராஜ் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டான். ராஜபாளையத்தில் மில்காரர்களின் கிளப்பில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்பவன் அவன்.

"வீட்ல சொந்தக்காரங்க வந்துட்டாங்கப்பா. எல்லாம் பாப்பாவைப் பார்க்க வந்தவங்க." பாப்பாவின் அப்பா காளிராஜ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மதுரை ஆஸ்பத்திரியில இருந்து பாப்பா வந்துருச்சா?"

"முந்தாநாளே கொண்டாந்துட்டோம்."

"இருமல்?"

"இப்ப இருமலே இல்ல."

பொன்னுராஜ் நிம்மதியாக மூச்சு விடப் பார்த்தான். பாதியிலேயே அவனுக்கு இருமல் வந்தது. அவன் மனைவி வேலுத்தாய் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

"புது மிஷின் வந்துட்டுதேன்னு நான் செடிக்குத் தண்ணி விடப் போயிட்டேன், அண்ணாச்சி. குளோரினு, ஆசிடு எல்லாம் அதுவே அளந்து விட்டுக்கிடும்னு வச்சவன் சொன்னான். மூணு பேஸ் லைன்ல ஒரு பேஸ்ல கரண்ட் போயி, குளத்துத் தண்ணியச் சுத்திவிடுற மோட்டார் நின்னது எனக்குத் தெரியல. மிஷினுக்கு வேற பேஸ். அது ஓடிக்கிட்டே இருந்திருக்கு."

"குழாயில தண்ணி ஓடலங்கறது மிஷினுக்கே தெரியல. மருந்து பத்தலன்னு ரெண்டையும் ஊத்திக்கிட்டே இருந்திருக்கு. மோட்டார் மறுபடி ஓடவும் அம்புட்டும் விஷப்புகையா குளத்துக்குள்ள வந்துட்டு. அதுக்கு நீ என்ன செய்வ?"

"நான் பக்கத்துல நின்னிருந்தா நிப்பாட்டியிருப்பேன்லா?"

"குளத்துல கிடந்த பாப்பாவ நீதான குதிச்சுத் தூக்குன. கரையில நின்ன எவனும் இறங்கலியே."

பொன்னுராஜ் துழாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாப்பா என்னையக் கேட்டுச்சா?"

காளிராஜ் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கேட்டா. பொன்னு மாமாவக் கூட்டிட்டு வாங்கன்னா. நீ மொதல்ல எந்திரி, பொறவு வீட்டுக்கு வா."

கட்டுக்குக் கீழே பொன்னுராஜின் உதடு லேசாகச் சிரித்தது. அப்படியே தூங்கிப்போனான்.

காளிராஜுடன் வராந்தாவுக்கு வந்த வேலுத்தாய் அதற்குமேல் தாங்கமாட்டாமல் அழுதாள். "அவர்ட்ட உண்மையச் சொல்லிருங்க, அண்ணாச்சி. நேத்து பிள்ளைய மண்ணுக்குள்ள வச்சிட்டு, இன்னைக்கு இங்க வந்து இப்படிப் பேச உங்களால எப்படி முடியுது?"

"இருக்கட்டும்மா," என்றார் காளிராஜ். "அவன் ஒருத்தன்கிட்டதான் எம்பிள்ள இன்னும் உயிரோட இருக்கா."